செடித் தொட்டியில் மீன் விநோதமாக நடந்துகொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்க்கும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தொட்டியில் ஒரு மீன் கவிழ்ந்து கிடக்கும், அல்லது கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஒரே வரி: "இது ஏன் இப்படிச் செய்யுது?" செடிகள் வளரும் தொட்டியில் இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக எழும். அங்கே செடியும் மூச்சு விடுகிறது, உரம் எடுக்கிறது, சில சமயம் அழுகவும் செய்கிறது. அதெல்லாம் போய் முடிவது மீனிடம்தான். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றும் சின்ன இறால் தொட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் முதலில் என்ன செய்வது?

எதையும் ஊற்றாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன் பத்து நிமிடம் உட்காருங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அப்படி நடப்பது ஒரு மீனா, எல்லா மீனுமா? எந்த நேரத்தில் நடக்கிறது?

ஒரு மீன் மட்டும் என்றால் காரணம் பெரும்பாலும் அந்த மீனிடமே இருக்கும்: காயம், நோய், முட்டை, சண்டை. வெவ்வேறு இன மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே உதவாது. பானை முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

மருந்து விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு என்று போடும் உப்பு பல செடிகளைக் கருக்கிவிடும். செடி அழுகினால் அம்மோனியா ஏறும், அப்புறம் நலமாக இருந்த மீனும் படுத்துவிடும்.

காலையில் எழுந்து பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செடி நிறைய இருந்தும் ஆக்சிஜன் குறையுமா?

குறையும். செடி நிறைய இருப்பதாலேயே கூடக் குறையும். வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி ஆக்சிஜன் தருகிறது. விளக்கை அணைத்த பிறகு அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. மண்ணிலும் பில்டரிலும் உள்ள நுண்ணுயிர்களும் இரவெல்லாம் எடுக்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்திருக்கும்.

இதில் நம் ஊர் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடும். குளிர்சாதனம் போடாத அறையில் 29, 30 டிகிரி என்பது இங்கே சாதாரணம்.

செய்ய வேண்டியது எளிது. விளக்கு அணையும் நேரத்தில் ஏர் பம்ப் ஓடும்படி டைமர் வையுங்கள். அல்லது பில்டரின் வாயைச் சற்று உயர்த்தி, நீரின் மேற்பரப்பு இரவெல்லாம் சலசலக்கும்படி விடுங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஏடு படிந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அது காற்றைத் தடுக்கும். தொட்டி விளிம்பில் மாட்டும் சின்ன மின்விசிறி நீரை ஆவியாக்கி இரண்டு மூன்று டிகிரி வரை இறக்கும். ஆனால் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டும்.

எங்கள் தொட்டியில் காலையில் பிரச்சினை இல்லை. சாயங்காலம்தான் மேலே வருகின்றன.

நேரத்தைச் சொன்னதே பாதி விடை. செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கிறீர்களா? விளக்கு எரிந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மீன்கள் மேலே வந்தால், வாயு அதிகமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும், நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்துவிட்டால் மீனால் தன் ரத்தத்தில் உள்ளதை வெளியேற்ற முடியாது. மயக்கம் வந்தது போலத் தள்ளாடும். உடனே வாயுவை நிறுத்தி, ஏர் ஸ்டோன் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். பல மீன்கள் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

நீரில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பதை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையாகத்தானே, அதாவது சரியான அளவில்தானே, இருக்கிறது என்பார்கள். அந்தக் கண்ணாடிக் குமிழின் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அது காட்டுவது கடந்து போன நிலையை. மீனின் செவுள் காட்டுவதுதான் இப்போதைய நிலை, எனவே மீனை நம்புங்கள்.

கோரி மட்டும் திடீரென்று ராக்கெட் மாதிரி மேலே போய்விட்டுத் திரும்பக் கீழே வருகிறதே?

அது அதன் இயல்பு. கோரி என்று நாம் சொல்லும் கோரிடோராஸ், அடியில் வாழும் அந்தச் சின்னக் கெளுத்தி, காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு முறை என்றால் கவலை வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சண்டை மீனும் கௌராமியும் மேலே வந்து காற்று குடிப்பதும் இப்படித்தான்.

தண்ணீர் மாற்றிய அன்றெல்லாம் மீன்கள் இலையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்க்கின்றன. முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் மீன் வளர்த்துப் பழகி இங்கே வந்தவர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஊரில் அப்பா சொல்லிக்கொடுத்த வழி அது: ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரின் பறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்கு இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அந்தப் பொருள் அவ்வளவு எளிதில் போகாது. ஒரு நாள் வைத்தாலும் அதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நமக்கு அது தீங்கில்லை, குடிக்கலாம். மீனின் செவுளுக்குத்தான் எரிச்சல்.

அதனால் ஒவ்வொரு முறையும் குளோரின் எடுக்கும் மருந்து சேர்க்க வேண்டும். புட்டியில் "குளோரமினுக்கும் ஏற்றது", "அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் தயோசல்ஃபேட் மருந்து குளோரமினை உடைத்து, உள்ளே இருந்த அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பிஹெச் 7 உள்ள தொட்டியில் அந்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. அதே 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 8 ஆனால் ஏழெட்டு பங்கு விஷமாகிவிடும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. குழாயிலிருந்து வரும் தண்ணீர் பொதுவாகக் காரப் பக்கம் இருப்பதால், ஒரே நாளில் பாதித் தொட்டிக்கு மேல் மாற்றும்போது இது முக்கியமாகிறது.

இன்னொன்று. வாளியில் நாள்கணக்காகத் தண்ணீர் பிடித்து வைப்பது இங்கே டெங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவது போல. மருந்து ஊற்றி உடனே பயன்படுத்தினால் அந்த வாளியே வேண்டியதில்லை.

சரி, மருந்தெல்லாம் சரியாகவே போட்டும் தேய்க்கின்றனவா? துடுப்புகளில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படுக்கையறையில் தொட்டி வைத்து இரவில் மட்டும் ஏர்கான் போடும் வீடுகளில் வெள்ளைப் புள்ளியை அதிகம் பார்க்கிறேன். பகலில் 30, இரவில் 25 என்று ஏறி இறங்கும் நீர் சின்னத் தொட்டி மீனுக்குப் பெரிய சோதனை.

ஹார்லெக்வின் ரஸ்போரா ஒன்று இலைக்கு அடியில் தலைகீழாகத் திரும்பி வயிற்றைத் தேய்க்கிறது. சாகப் போகிறதா?

இந்தக் காணொளி வந்தால் எனக்கு அன்றைக்கு முழுவதும் மகிழ்ச்சிதான். அது முட்டை வைக்கிறது!

ஹார்லெக்வின் நம் பகுதி மீன். மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா என்று இந்த வட்டாரத்தின் நிழல் படிந்த காட்டு ஓடைகளில் வாழ்வது. 1904-இல் டுங்கர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் உள்ள அந்தச் சின்ன மீனை உலகமெங்கும் தொட்டிகளில் வளர்க்கிறார்கள்.

இந்த மீன் முட்டைகளை அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. பெண் மீன் முதலில் இலைக்கு அடியில் தலைகீழாகத் திரும்பி வயிற்றால் உரசிப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து ஆண் மீன் அதன் மேல் உடலை வளைத்து அணைக்கும். இருவரும் ஒரு நொடி நடுங்குவார்கள், அவ்வளவுதான். கிரிப்டோகோரைன் போன்ற செடியின் இலைதான் அதற்குப் பிடித்தம். அந்தச் செடியும் இந்த மண்ணின் செடிதான். புக்கிட் தீமாவின் பெயரைத் தாங்கிய கலப்பினக் கிரிப்டோகோரைன் ஒன்று சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. (காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது, கடைகளில் விற்கும் வளர்ப்புச் செடியே போதும்.)

குஞ்சு கிடைக்குமா என்றால், பொதுத் தொட்டியில் கடினம். முட்டைக்கு மென்மையான, சற்றுப் புளிப்பான நீர் வேண்டும். பெற்றோரே முட்டையைத் தின்னவும் செய்யும். ஆசை இருந்தால் அந்த இலையை மட்டும் நறுக்கி, தொட்டித் தண்ணீரையே நிரப்பிய சிறு பெட்டியில் இருட்டாக வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு மீன் இலை ஏதும் இல்லாத இடத்திலும் கவிழ்ந்தே மிதந்தால், திரும்ப முயன்றும் முடியாமல் தவித்தால், அது வேறு. காற்றுப்பையில் கோளாறு. இரண்டு நாள் இரை நிறுத்திப் பாருங்கள்.

கிளவுன் லோச் செத்தது போல் பக்கவாட்டில் படுத்திருந்தது. வலையைப் போட்டதும் எழுந்து ஓடிவிட்டது.

அது தூங்கியது. லோச் வகைகள் படுத்தும் சாய்ந்தும், கல்லிடுக்கில் செங்குத்தாகச் செருகிக்கொண்டும் ஓய்வெடுக்கும். கிளவுன் லோச் உற்சாகமாக இருக்கும்போது "டிக் டிக்" என்று சத்தமும் போடும். ஹீட்டரோ பில்டரோ வெடிக்கப் போகிறது என்று பயந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: விரல் நீளத்தில் வாங்கும் இந்த மீன் ஓர் அடிவரை வளரும். இரண்டடித் தொட்டியில் அது எப்படி வாழும்?

இரவில் விளக்கைப் போட்டால் நியான் டெட்ராவின் நீலக் கோடே காணோம்.

விளக்கணைந்ததும் அந்தக் கோடு மங்குவது இயல்பு. வெளிச்சம் பட்டதும் சில நிமிடங்களில் திரும்பும். பகலிலும் சிவப்பு, நீலம் திட்டுத்திட்டாக வெளுத்து, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நின்றால் அது நோயாக இருக்கலாம். அந்த மீனைத் தனியே எடுத்துவிடுங்கள். இன்னொரு சிறு யோசனை: ஏர்கான் இல்லாத அறைக்கு நியானைவிடக் கார்டினல் டெட்ரா ஏற்றது, சூட்டைத் தாங்கும்.

புதிதாக விட்டபோது டெட்ராக்கள் அழகாகக் கூட்டமாக நீந்தின. இப்போது ஆளுக்கொரு மூலையில் திரிகின்றன. சண்டையா?

இல்லை, நிம்மதி. கூட்டம் கூடுவது பயத்தால். புது இடம், எங்கிருந்து எது பாயுமோ என்ற அச்சம் இருக்கும்போது மீன்கள் நெருங்கி நிற்கும். உங்கள் தொட்டியில் ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அவை பிரிந்து, ஆண் மீன்கள் ஆளுக்கொரு செடியை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துத் திரியும். அந்த அழகான கூட்டத்துக்காகப் பெரிய மீன் ஒன்றை வாங்கி விட்டுப் பயமுறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு வருடம் சாதுவாக இருந்த ஏஞ்சல் மீன் நேற்றிலிருந்து எல்லோரையும் விரட்டுகிறது.

அமேசான் வாள் செடியின் இலை, பில்டர் குழாய் இரண்டையும் உற்றுப் பாருங்கள். வரிசையாகச் சவ்வரிசி ஒட்டியது போலத் தெரிந்தால் அவைதான் முட்டைகள். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை யாரையும் அண்டவிடாது. தொட்டியின் நடுவில் உயரமான செடியோ மரக்கட்டையோ வைத்து, மற்ற மீன்கள் கண்ணில் படாதபடி மறையுங்கள். முதல் சில முறை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும், மனம் தளர வேண்டாம். எல்லா முட்டையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்தால், ஜோடி இரண்டுமே பெண்ணாகவும் இருக்கலாம்.

மழை வருவதற்கு முன் குளீ லோச் பித்துப் பிடித்தது போல் ஓடுகின்றன. தற்செயலா?

இல்லை என்றே நினைக்கிறேன். இவற்றின் தூரத்து உறவான வெதர் லோச் என்ற மீனுக்கு அந்தப் பெயரே இதனால்தான் வந்தது. காற்றழுத்தம் இறங்கினால் அது அமைதியிழந்து நீந்தும் என்பதால் ஐரோப்பாவில் வானிலை பார்க்க அதை வளர்த்திருக்கிறார்கள். இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றும் இடியும் வரும் அல்லவா? என் தொட்டியில் பகலெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும் குளீக்கள் அப்படிப்பட்ட விடியலில் கண்ணாடி நெடுக ஏறி இறங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கோரிக்கும் மழை தெரியும். மழைக்காலத்தில் சற்றுக் குளிர்ந்த நீரால் தண்ணீர் மாற்றினால் அடுத்த நாள் கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கும்.

பாசி தின்ன வாங்கிய மீன் பாசியை விட்டுவிட்டு மாஸ் செடியைத் தின்கிறது.

சயாமிஸ் ஆல்கே ஈட்டர் குட்டியில் பாசியை நன்றாகத் தின்னும். வளர்ந்ததும் நாம் போடும் இரை ருசியாகிவிடும். இரையைக் குறைத்தால் ஓரளவு திரும்பும். கடையில் இதே பெயரில் வேறு மீனையும் கொடுத்துவிடுகிறார்கள். உடலின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடினால்தான் இது. உறிஞ்சும் வாயுள்ள சைனீஸ் ஆல்கே ஈட்டர் பெரிதானால் அகன்ற மீன்களின் மேல் ஒட்டி, உடலின் வழவழப்பை உறிஞ்சும். டிஸ்கஸ் இருக்கும் தொட்டியில் அதை வைக்கவே கூடாது.

செர்ரி இறால்கள் எல்லாம் திடீரென்று நீந்திச் சுற்றுகின்றன.

ஒரு பெண் இறால் சட்டை உரித்திருக்கும். அதன் வாசனையைத் தேடி ஆண்கள் அலைகின்றன. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சுற்றுவதோடு நில்லாமல் நீர்மட்டத்துக்கு மேல் ஏறித் தப்பிக்கப் பார்த்தால் அது தண்ணீர்ப் பிரச்சினை.

மீன் ஏன் தொட்டிக்கு வெளியே குதிக்கிறது?

பயம், துரத்தல், மோசமான நீர், அல்லது வெறும் பழக்கம். ஹாட்செட், கில்லி, சண்டை மீன் எல்லாம் குதிக்கும் இனங்கள். மூடி போடுங்கள், அல்லது நீரை இரண்டு அங்குலம் குறையுங்கள். நள்ளிரவில் இருட்டான அறையில் பளீரென்று விளக்குப் போடுவதும் குதிக்க வைக்கும்.

மற்ற மீன்களைக் கொல்லும் மீனை நீர்த்தேக்கத்திலோ லாங்காங்கிலோ (வடிகாலிலோ) விட்டுவிடலாமா?

கூடாது. வளர்ப்பு மீனுக்கு அங்கே பெரும்பாலும் சாவுதான். பிழைத்துக்கொண்டால் இன்னும் மோசம். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்கத் திருக்கை பெருகியிருப்பது இப்படி யாரோ விட்டதன் விளைவு. புண்ணியம் என்று சிலர் விலங்குகளை விடும் வெசாக் தினத்தை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் தேசியப் பூங்காக் கழகம் விலங்குகளை விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கொசுப் புகை அடித்த அன்று மீன்களும் இறால்களும் துடித்துச் சுருண்டன. தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. கொசுப் புகையில் பொதுவாகக் கலக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை, இறாலுக்கு அதைவிட. ஜன்னல் வழியே வரும் புகையை ஏர் பம்ப் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். ஒரு முறை நான் வேலைக்குப் போயிருந்தபோது அப்படி நடந்து, பதினெட்டு இறால்களை இழந்தேன். அன்றிலிருந்து மின்தூக்கி அருகே ஒட்டும் அறிவிப்புகளைப் படிக்காமல் போவதில்லை.

அந்த நாளில் ஜன்னல்களைச் சாத்துங்கள். தொட்டியை ஈரத் துண்டோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடுங்கள். ஏர் பம்ப்பையும் விளிம்பு மின்விசிறியையும் நிறுத்திவிட்டு பில்டரை மட்டும் ஓடவிடுங்கள். புகை அடங்கி, வீட்டைத் திறந்து காற்றாடவிட்ட பிறகு விரிப்பை எடுத்து, பம்ப்பைத் திரும்பப் போடுங்கள். மீன்கள் அதற்குள் துடித்துக்கொண்டிருந்தால் குளோரின் மருந்து சேர்த்த புதுத் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றை வையுங்கள். மறுநாளும் ஒரு முறை மாற்றுங்கள்.